ஓட்டுக்குள் சுற்றும் படம்

நீதான் பூட்டினாய். வேறு யாருமில்லை. எந்த ஊரில், எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பூட்டினாயோ, உன் பேர் என்னவோ, கழுத்தில் டை கட்டினவனோ கட்டாதவனோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருநாள் காலையில் வயிறாரத் தின்றுவிட்டு வந்து, முழுசாக ஒரு சினிமாவை உள்ளங்கையில் அடங்குகிற தகட்டில் ஏற்றி, தகட்டைச் சுற்றி நகம் நுழையாத பிளாஸ்டிக் ஓடு ஒன்றை மாட்டி, இது நாங்கள் விற்கிற கை கேம் மெஷினில் மட்டும்தான் ஓடும், பூமியில் வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாது, ஓடவும் கூடாது என்று சொன்னவன் நீ. அந்த ஓடுகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக என் குடோனில் கூரை வரைக்கும் நிற்கின்றன. நான் இங்கே நிற்கிறேன், ரிச்சி தெருவுக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்டுக்குள்ளே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், கரண்ட் போய். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். தலைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி, அது வழியாக மூன்றாம் மாடித் தரையும் போகிற வருகிறவர்களின் செருப்பும் தெரிகின்றன. என்கூட ஒரு ஆள். கமாலுதீன், என் பார்ட்னர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கடையில் ஒரே ஃபேனுக்குக் கீழே நின்றவன், இந்த ஒரு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன். நாலாம் மாடியில் வக்கீல் உட்கார்ந்திருக்கிறார், கடையை இரண்டாக எழுதி வைத்துக்கொண்டு. நாங்கள் இருவரும் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வாட்ச்மேன் மேலேயிருந்து குனிந்து கத்தினான். "சார், பவர் கட் சார்! லிஃப்டுக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது சார்!" "அப்ப கதவத் திறவும்வே!" என்றேன். "சாவி லிஃப்ட்காரன்கிட்ட இருக்கு சார். சாப்புடப் போயிருக்கான்." "எங்க சாப்பிடப் போயிருக்கான், தஞ்சாவூருக்கா?" "வந்துருவான் சார், பொறுமையா இருங்க. காத்து வருதுல்ல?" காற்று வருகிறதா என்று கேட்கிறான். அவன் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. இடது செருப்பில் வார் அறுந்து சணல் கட்டியிருக்கிறான். சொந்தச் செருப்புக்கு ஒரு வார் வாங்கிப் போடத் துப்பில்லாதவன் எனக்குக் காற்றுக்கு உத்தரவாதம் கொடுக்கிறான்.

காற்றைப் பற்றி எவனும் எனக்குச் சொல்ல வேண்டாம். சாத்தான்குளத்திலிருந்து மீசை முளைக்குமுன் பட்டணத்துக்கு மளிகைக் கடை வேலைக்கு வந்தவன் நான். கொத்தவால்சாவடியில் கடை. வியாபாரம் முடிந்ததும் முதலாளி எங்களை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார். "நீங்க உள்ள இருந்தா எவனும் உள்ள வர மாட்டான்லடே" என்பார், சிரித்துக்கொண்டே, நல்ல மனுஷன்தான், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், ஆனால் பூட்டுவார். வத்தல் மூட்டை மேல் படுத்தால் கண் எரியும், வெல்ல மூட்டை மேல் படுத்தால் எறும்பு. ஷட்டருக்கு அடியில் ஒரு விரல்கடை வெளிச்சம் வரும், தெரு விளக்கு வெளிச்சம். தரையில் கன்னத்தை ஒட்டி வைத்து அந்த வெளிச்சத்தை மூக்கால் உறிஞ்சுவேன். வெளிச்சத்தை உறிஞ்ச முடியுமா என்று கேட்காதே, நீ பூட்டினவன், உனக்குத் தெரியாது. இப்போதும் அதே இடம் நெஞ்சில் அடைக்கிறது, எலும்புக்கு இந்தப் பக்கம், ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தது மாதிரி. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டினேன். லிஃப்டே ஆடியது. மேலே எங்கோ இரும்புக் கயிறு முனகுகிற சத்தம். கயிறு அறுந்தால் என்ன ஆகும். அறாது. இத்தனை வருஷம் அறாதது இன்றைக்கா அறப்போகிறது. ஆனால் இத்தனை வருஷம் அறாத ஒன்று இன்றைக்கு அறுவதற்காகத்தானே இந்த லிஃப்டில் ஏறினோம். ஏறியிருக்கவே கூடாது. நான் லிஃப்டில் ஏற மாட்டேன், இது தெரிந்த ஒரே ஆள் கமாலுதீன்தான், என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது, அவளிடம் முட்டிக்கு நல்லது அதனால் படியில் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்தச் சரக்குக்காரன் ஆபீசுக்குப் போனாலும் கமால் முதலில் படியைத் தேடுவான், தன் முட்டி வலியையும் வைத்துக்கொண்டு. இன்றைக்கு அவன் எனக்கு முன்னால் வந்து லிஃப்ட் வாசலில் நின்றான். நான் படியில் போகிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும், அவனோடுதான் பேச்சில்லையே. நீங்கள் படியில் வாருங்கள் என்று அவன் என்னிடம் சொல்ல வேண்டும், அவனுக்கும் பேச்சில்லை. லிஃப்ட்காரன் இரண்டு பேரையும் ஏற்றி, நாலை அமுக்கி, தான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுச் சோற்றுக்குப் போனான். வாயைத் திறக்காமல் இரண்டு கிறுக்கன்கள் மேலே போனோம். அப்புறம் போகவில்லை.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றான் கமால். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. நான் உட்காரவில்லை. "நின்னா நெஞ்சு அடைக்கும். கால நீட்டி உக்காருங்க, கண்ண மூடாதீங்க." "எனக்கு ஒண்ணும் அடைக்கல." "செரி, அடைக்கல. உக்காருங்க." உட்கார்ந்தேன். அவனுக்காக இல்லை. தகரத் தரை சுட்டது. கமால் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு ஒன்று நீட்டினான், நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவன் அதைத் தரையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தான். இதுதான் அவன் வேலை. நான் அடிப்பேன், அவன் தடவிக்கொடுப்பான். எங்கள் தொழில் இப்படித்தான் ஓடியது, கடை போடுவதற்கு முன்னால் மூர் மார்க்கெட் பக்கம் ஒரே குடைக்குக் கீழே கேசட் விற்ற காலத்திலிருந்து. நான் சரக்குக்காரனைப் பார்த்து, இதெல்லாம் ஒரு சரக்கா, இதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வர உனக்கு வெட்கமாக இல்லையா என்று எகிறுவேன். எழுந்து வெளியே நடப்பேன். கமால் நாற்காலியில் அப்படியே இருப்பான். "அண்ணாச்சி கோவக்காரரு, மனசுல ஒண்ணும் இல்ல, நீங்க கொஞ்சம் எறங்கி வாங்க பாய், நான் அவரக் கூட்டிட்டு வர்றேன்" என்பான். நான் வாசலுக்கு வெளியே தெருவில் சோடா குடித்துக்கொண்டு நிற்பேன். கமால் வந்து காதில் சொல்வான். நான் திட்டிக்கொண்டே உள்ளே போவேன். பேரம் படிந்துவிடும். நடுவில் ஏதாவது சரியில்லை என்று அவனுக்குப் பட்டால் ஒரு இருமல் இருமுவான், வறட்டு இருமல், அவ்வளவுதான், நான் அந்தச் சரக்கை விட்டுவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். எத்தனை பேர் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். இருமலிலேயே தப்பித்தோம்.

உன் டிஸ்கை வாங்கப் போன அன்றும் இருமினான். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம், நீ யார் எனக்கு, ஆனால் கேட்டது. மண்ணடியில் ஒரு சரக்குக்காரன் குடோன். அந்த ஆள் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு டிஸ்கைத் தன்னுடைய மெஷினில் போட்டு என் கையில் கொடுத்தான். அடே, அந்தப் படம் இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும், உன்னைத் திட்டினாலும் அதை மறைக்க மாட்டேன். மழை பெய்கிற காட்சி. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக விழுந்தது. தேய்ந்துபோன கேசட்டும் கீறல் விழுந்த விசிடியும் விற்று விற்றுப் புண்ணான கண்ணுக்கு அது சந்தனம் மாதிரி இருந்தது. இது பிடித்துக்கொள்ளும், கேசட் வந்தபோதும் ஓடாது என்றார்கள், விசிடி வந்தபோதும் ஓடாது என்றார்கள், இரண்டையும் நான்தான் இந்தத் தெருவில் முதலில் அடுக்கினேன், பையன்கள் பஸ்ஸில் போகிறபோது, ரயிலில் போகிறபோது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி போர்வைக்குள்ளே, எல்லாரும் இதைத்தான் பார்ப்பார்கள் என்று மனசு ஓடியது. வழக்கப்படி எகிறினேன். வழக்கப்படி எழுந்து நடந்தேன். கதவைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஆள் கூப்பிட்டான். "இந்தாங்க அண்ணாச்சி, நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கங்க." அதுதான். அங்கேதான். என் வாழ்க்கையில் கதவைத் தொடுவதற்கு முன்னால் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சோடா குடித்து முடிக்கிற வரைக்குமாவது காக்க வைப்பான், அவன்தான் சரக்கு வைத்திருக்கிறவன். முன்னாலேயே கூப்பிடுகிறவன் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறவன். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த நொடியில் எப்படி இருந்தது தெரியுமா, என் பேரைக் கேட்டே அவன் நடுங்கிவிட்டான், நான் அப்பேர்ப்பட்ட ஆள் ஆகிவிட்டேன் என்று இருந்தது. பின்னால் இருமல். இரண்டாவது தடவையும் இருமினான். "உமக்கு ஜலதோஷமாவே?" என்று கேட்டேன், அந்த ஆளுக்கு முன்னாலேயே, சிரித்துக்கொண்டு. சோதித்துத்தான் வாங்கினேன், என்னை யாரும் குறை சொல்ல முடியாது, பொருளில் ஒரு பழுது இல்லை. அவன் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். வேறு எவன் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது என்றுதான் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டியதே இல்லாத தொழிலில்தானே இத்தனை வருஷம் இருந்தேன், கேசட் என்றால் எந்த டேப்பிலும் பாடும், சிடி என்றால் எந்தப் பிளேயரிலும் சுற்றும். ஒரு பொருள் தன் அண்ணன் தம்பி வீட்டுக்குக்கூடப் போகாது என்று நீ வந்து சொல்கிற வரைக்கும் யார் கேள்விப்பட்டது.

மேலே ஒரு ஜோடிச் செருப்பு நின்றது, பெண்ணின் செருப்பு, குனிந்து பார்த்து "ஐயோ, உள்ள ஆள் இருக்காங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிற்று. ஆள் இருக்காங்களாம், கூண்டில் கரடி இருக்கிற மாதிரி. கடைக்கு முன்னாலும் இப்படித்தான் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவைப் பார்த்த முன் கவுண்ட்டரில் கண்ணாடி அலமாரி போட்டு, உள்ளே டியூப் லைட் போட்டு, உன் டிஸ்குகளை நகைக் கடை மாதிரி அடுக்கினேன். அந்த இடத்தில் அதற்கு முன்னால் கமால் உட்கார்ந்திருந்தான், மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்துக்கொண்டு. அவனைப் பின்னால் தள்ளினேன். முதல் நாள் ஒரு அம்மா வந்தாள், பையனோடு. "இது என்னங்க, சின்னதா அழகா இருக்கு?" "சினிமாம்மா, புதுசு." "டிவியில போட்டா வருமா?" "வராதும்மா." "கம்ப்யூட்டர்ல?" "வராது." "பின்ன எதுல வரும்?" "இந்த மெஷின்ல." "அப்ப இவன் பாப்பான். நான் என்ன பண்றது?" நான் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன். "இவங்கப்பா எங்க போய்ப் பாக்கறது? ஒருத்தன் படம் பாக்க நாங்கள்லாம் அவன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மெஷின் வைத்திருக்கிற காலேஜ் பையன்கள் வந்தார்கள், இவர்களாவது வாங்குவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அண்ணா, இந்தப் படம் கார்டுல ஏத்திக் குடுப்பீங்களா?" கண்ணாடிக்குள் டிஸ்க் மின்னிக்கொண்டிருக்கிறது, அதே படத்தை எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கமாலிடம் கார்டில் ஏற்றி, அதே மெஷினில் பார்க்கக் கொண்டு போகிறார்கள். என் கடையிலேயே. என் ஃபேனுக்குக் கீழேயே. தமிழ்ப் படம் வந்தால் விற்கும் என்று ஒரு தயாரிப்பாளர் ஆபீசுக்குப் போய் மூன்று நாள் காத்திருந்து கேட்டேன். அவர் ஆள் சிரித்தான். "அந்த டிஸ்க நம்ம ஊர்ல அடிக்க முடியாதுங்க. அந்தக் கம்பெனிக்காரன் சரின்னு சொல்லணும், அவன் ஃபேக்டரியிலதான் அடிக்கணும்." உன்னைத்தான் சொன்னான். பிளாஸ்டிக் ஓட்டையும் நீயே செய்வாய், உள்ளே போகிறதையும் நீயே செய்வாய், ஓடுகிற மெஷினையும் நீயே செய்வாய், நாங்கள் வெளியே நின்று கண்ணாடி துடைக்க வேண்டும். இது ஓடுமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும். பொருள் தங்கம். தங்கத்தைப் பூட்டின பெட்டியோடு விற்றால் பெட்டிக் கனத்துக்கு எவன் காசு கொடுப்பான்.

இதைத்தான் கமால், பேச்சு நின்ற அன்றைக்குச் சொன்னான், இவ்வளவு நீளமாக இல்லை. "நம்ம ஜனம் ஒருத்தனுக்கு மட்டும்னு படம் பாக்காது அண்ணாச்சி. அலமாரிய எடுத்துடலாம்." கடை நிறைய ஆள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "கார்டுல திருட்டுப் படம் ஏத்துதவனுக்கு யாவாரத்தப் பத்தி என்ன பேச்சுவே?" என்றேன். எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கார்டு வேலைதான் அந்த நேரத்தில் கடை வாடகையைத் தூக்கிக்கொண்டிருந்தது, அதுவும் எல்லாருக்கும் தெரியும்.  கமால் திரும்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி இரண்டு பேரும் சாயங்காலம் சமோசா தின்றிருப்போம், அப்படி எத்தனை நடந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தான். கடைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றினான். அவனுக்கு நகம் கட்டை, வளையம் பிரியவில்லை, பல்லால் கடித்துப் பிரித்தான். அத்தனை நேரமும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவியை உன் டிஸ்க் அலமாரிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனான். அந்தச் சத்தம், கண்ணாடி மேல் சாவி வைக்கிற சின்னச் சத்தம், அது இன்னும் எனக்குப் போகவில்லை. சோற்றில் கை வைக்கும்போது கேட்கிறது.

"அதென்ன பையில, மெஷினா?" என்றான் கமால். ஆமாம். கடையில் படம் ஓட்டிக் காட்டுகிற டெமோ மெஷின். இரண்டு பேர் பேரிலும் வாங்கினது, யாருக்கு என்று வக்கீல் முன்னால் முடிவாக வேண்டும், அதனால் கொண்டு வந்தேன். டிஸ்குகளைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன், அவன் ஒன்றுகூட வேண்டாம் என்று திருப்பிச் சொல்லி அனுப்பியிருந்தான். "உள்ள படம் கெடக்கா?" "கெடக்கு." "போடுங்க. நீங்க அந்தச் சுவத்தையே பாத்துனு இருந்தா மயக்கம்தான் வரும்." அவனுக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் கம்பியில் முட்டிக்கொள்வேன் என்று. மெஷினை எடுத்தேன்.  இயர்ஃபோன் ஒன்று, வயர் குட்டை. அவன் எதிர்ச் சுவரை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. ஒரு முனை என் காதில், ஒரு முனை அவன் காதில். வயர் பத்தவில்லை. தலையைச் சாய்த்தோம். அவன் தொப்பி விளிம்பு என் நெற்றியில் உரசியது. கிராம்பு வாசனை, அத்தர் வாசனை, அதற்கடியில் சால்டரிங் புகை வாசனை, எங்கள் கடை வாசனை. டிஸ்க் உள்ளே சுற்றத் தொடங்கியது, விர்ரென்று, விரலுக்கு அடியில் ஒரு உயிர் மாதிரி. இத்தனை நாளாகக் குடோனில் அத்தனை டிஸ்குகளும் உயிரோடுதான் பெட்டிக்குள் கிடக்கின்றனவா.

ஏதோ வெள்ளைக்காரக் கிழவி. கிராமத்து பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸை விற்றாகிவிட்டது, வாங்கினவனிடம் தூரத்து ஊரில் கொண்டுபோய் விட வேண்டும், கடைசி ஓட்டம். பாசஞ்சர் யாருமில்லை, ஒரு நாய் மட்டும் பின் சீட்டில். இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்கும் பாதிதான் ஏறும். "நாய் யாருது?" "தெரியல. ஏறிட்டு." "டிக்கெட் கேக்கறாளா?" "கேக்கா. கேட்டுட்டு அவளே கிழிச்சுக் குடுக்கா பாரும்." கமால் சிரித்தான். வயர் இழுபட்டது. நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். மலை வந்தது, பனி வந்தது, பஸ் ஒரு ஏற்றத்தில் முனகிற்று, எங்கள் லிஃப்ட் முனகின மாதிரியே. ஒருத்தன் கை காட்டி ஏறினான், கிழவியோடு சண்டை போட்டான், இறங்கும்போது முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனான். "நல்லவன்" என்றான் கமால். என் நெஞ்சிலிருந்த மூட்டை எப்போது இறங்கிற்று என்று தெரியவில்லை. சுவர் அங்கேயேதான் இருந்தது, நான்தான் அதைப் பார்க்கவில்லை. அப்போது ஓரத்தில் பேட்டரிக் கோடு மூன்றிலிருந்து இரண்டாயிற்று. உன் டிஸ்க் சுற்றச் சுற்றப் பேட்டரியைத் தின்னும், கார்டில் இருக்கிற படம் இவ்வளவு தின்னாது, அதையும் கமால்தான் எனக்கு முதலில் சொன்னான், நான்தான் மெஷின் பழசு என்று சொல்லிவிட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். கிழவி மங்கினாள். "கொறைக்காதீங்க, மூஞ்சி தெரியல." "கொறைக்கலேன்னா நின்னுரும்வே." "நின்னா நிக்கட்டும், தெரியற வரைக்கும் நல்லாத் தெரியட்டும்." கூட்டினேன். அவன் சொன்னான், கூட்டினேன், ஏன் என்று கேட்கவில்லை. பழைய பழக்கம்.

யோசித்துப் பார்த்தால் இதற்குத்தான் நீ இதைச் செய்திருக்கிறாய் போலிருக்கிறது. கதவு திறக்காத இடத்தில், டிவி இல்லாத இடத்தில், கரண்ட் இல்லாத இடத்தில், ஒரு மனுஷன் அடைபட்டுக் கிடக்கும்போது பார்க்க. அப்படியென்றால் நாட்டில் எல்லாரையும் லிஃப்டில் அடைத்தால்தானே உன் சரக்கு ஓடும். அப்போதும் ஒருத்தனுக்குத்தான் செய்தாய். இந்தத் திரையின் அகலம் ஒரு மூஞ்சிக்கு அளவெடுத்தது. இரண்டு மூஞ்சி வைத்தால் ஒன்றுக்குப் பாதி மங்கலாகத் தெரிகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுகிறது. நாங்கள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம், கொஞ்ச நேரம் அவன் பக்கம், கொஞ்ச நேரம் என் பக்கம். கை வலித்தது. அவன் தன் கையை என் கைக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். ஒரு கோடு சிவப்பாகி மின்னத் தொடங்கியது. பஸ் ஊருக்குள் போயிற்று. பெரிய இரும்பு கேட். வாங்கினவன் வெளியே நிற்கிறான், கை நீட்டுகிறான். கிழவி என்ஜினை அணைக்கவில்லை. நாய் சீட்டை விட்டு எழுந்து நிற்கிறது. கிழவி சாவியில் கை வைத்தாள். அவள் கை பெரிதாகத் தெரிந்தது, நகம் கட்டை, கறுத்த நகம், சாவியைப் பிடித்தபடி. பக்கத்தில் கமால் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

நின்றுவிட்டது. கறுப்பு. உள்ளே டிஸ்க் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது, அதன் சத்தம் விரலில் கொஞ்ச நேரம் இருந்தது. காதில் இருந்த முனையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஒன்றும் வராத வயரைக் காதில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தபடியே இருந்தோம். மேலே வாட்ச்மேன், "லிஃப்ட்காரன் தெருமுனைல வந்துட்டான் சார், வந்துட்டே இருக்கான்" என்றான்.  "சாவியக் குடுத்தாளா?" என்றான் கமால். "தெரியலவே." "தெரியலையா? இத்தினி பெட்டி வாங்கி வெச்சினு ஒரு படத்தக்கூட முழுசாப் பாக்கலையா?" "எல்லாம் முன்னால கொஞ்சம் ஓட்டிக் காட்டுததோட சரி." அவன் சிரிக்கவில்லை. அரை இருட்டில் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் துறுதுறுத்தது. விற்கத் தெரிந்த வாய் இது, இல்லாததை இருக்கிறதாகச் சொல்லி இத்தனை வருஷம் பிழைத்த வாய். கொடுக்கவில்லைவே, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள், நாய் குரைத்துக்கொண்டே வருகிறது, எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்று சொல்லிவிடலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். நாக்கை மேல்வாயிலிருந்து எடுத்தேன். கமால் இருமினான். வறட்டு இருமல், ஒரே ஒரு தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சார்ஜர் எங்க, கடைலயா?" என்றான் பிறகு. "கடையிலதான்." "நாளைக்கு சார்ஜ் போட்டு எடுத்துனு வாங்க. அவ என்னா பண்றான்னு பாத்துட்டுத்தான் நான் கையெழுத்து போடுவேன்." "வக்கீலு இன்னைக்கு உக்காந்திருக்காரே." "உக்காந்திருக்கட்டும். ஏசி போட்டு உக்காந்திருக்காரு, அவருக்கு இன்னா." முட்டியைத் தடவிக்கொண்டே, "நாளைக்குப் படில வந்துருவோம்" என்றான். "உமக்கு முட்டி வலிக்குமே." "மெதுவா ஏறலாம்." அவ்வளவுதான் பேச்சு. தரையில் கிடந்த கிராம்பைத் தடவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கேட்டுக்கொண்டாயா? நாளைக்கு மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. கிழவி சாவியைக் கொடுத்துவிட்டாள் என்றால் என்ன செய்வேன்? அவன் எழுந்து, பேனாவை எடுத்து, அவளைப் போலவே விட்டுக்கொடுத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டால்? லிஃப்ட்காரன் வருவான், இந்தக் கம்பிக் கதவைத் திறப்பான், அது ஒரு கதவு, அவனிடம் சாவி இருக்கிறது. மற்றதற்கு உன்னிடம்தான் இருக்கிறது. நீ பூட்டினாய், நீ வா. என் குடோனில் கூரை வரைக்கும் அடைபட்டுக் கிடக்கிற அத்தனைக்கும் நீ வந்து பதில் சொல். என் கடையில் மேலே ஒரு பெரிய டிவி இருக்கிறது, தெருவில் போகிறவன் எல்லாம் நின்று கிரிக்கெட் பார்க்கிற டிவி. அதில் இந்தக் கிழவியை ஓட விடு. அந்த அம்மா பார்க்கட்டும், அவள் பையன் பார்க்கட்டும், வாட்ச்மேன் அறுந்த செருப்போடு நின்று பார்க்கட்டும். கமால் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கட்டும், நான் என் ஸ்டூலில், நடுவில் இந்தக் குட்டை வயர் இல்லாமல். என்ன விலை என்று நீயே சொல். நான் எகிற மாட்டேன். எழுந்து வாசலுக்கு நடக்க மாட்டேன். இன்றுவரை எவனிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், பேரம் பேச மாட்டேன். மாட்டின ஓட்டை நீயே கழற்று. வந்து திற.